கொங்கு நாட்டுப் பருத்திக் கொட்டையும் காங்கயக் காளையும்

கொங்கு நாட்டுப் பருத்தியின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலர். அவருட் பெரும்பாலார் பஞ்சின் வழியே சென்றனர். பஞ்சு பொதியாகிப் புகைவண்டி ஏறியதையும், ஆலையில் நூலானதையும், பின்னலாடையாகிக் கடல் கடந்ததையும் அவர்கள் விரிவாக எழுதியுள்ளனர். பஞ்சை நீக்கியபின் எஞ்சிய கொட்டை எங்கே சென்றது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்பெறவில்லை. அவ்வினாவை எழுப்பி, இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா சிறிதெனத் தோன்றலாம். எடையளவில் நோக்கின் அது சிறிதன்று. நூறு பங்கு விதைப்பருத்தியை அரைத்தால் கிடைக்கும் பஞ்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பழைய நாட்டுப் பருத்திகள் சிலவற்றில் அதனினும் குறைவு. எஞ்சிய மூன்றில் இரு பங்கு கொட்டையே. துணிக்கென விளைந்ததாகக் கருதப்பெறும் பயிரின் பெரும்பகுதி மாட்டுத் தாழிக்குச் சென்றது என்பது இதனாற் பெறப்படும். 'பருத்தி புடவையாய்க் காய்த்தது' என்பது நம் நாட்டுப் பழமொழி. கொங்கு நாட்டில் அது புடவையாய்க் காய்த்ததினும் மிகுதியாகத் தீவனமாய்க் காய்த்தது. கொட்டையை உண்ட காளை கிணற்று நீரை இறைத்தது. அந்நீர் பருத்தியை வளர்த்தது. பருத்தி மீண்டும் கொட்டையைத் தந்தது. இச்சுழற்சி அமைந்தவாற்றையும் அறுந்தவாற்றையும் முறையே காண்போம்.

1. சொல் வழக்கு

பயிரைப் பக்குவம் செய்யும்போது எஞ்சும் பொருள்களை இன்றைய அறிவியல் நூல்கள் துணை விளைபொருள்கள் எனத் தொகுத்துக் கூறும். உழவர் வழக்கில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு. நெல்லைக் குற்றினால் உமி, தவிடு, நொய். பயற்றை உடைத்தால் பொட்டு. எள்ளையும் கடலையையும் ஆட்டினால் பிண்ணாக்கு. அரிசியைக் களைந்தால் கழுநீர். சோளத்தில் கதிர் கொய்தால் தட்டு. பெயர் வேறாதல் பயன் வேறாதலைக் காட்டும். உமி அடுப்புக்கும் தவிடு மாட்டுக்கும் நொய் கஞ்சிக்கும் உரியன. எப்பொருள் எவ்வாய்க்கு உரியது என்னும் முறை சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றது. இவற்றுள் எதனையும் கழிவு எனப் பொதுப்பெயரால் ஒதுக்காமை கருதத்தக்கது.

பேச்சு வழக்கிற் புண்ணாக்கு எனப்படும் பிண்ணாக்கு வடமொழியில் பிண்யாகம் என்னும் சொல்லோடு தொடர்புடையது. அர்த்தசாத்திரத்தில் ஆநிரைக் கண்காணிப்பாளனைப் பற்றிய பகுதி, எருதுக்கு அளிக்க வேண்டிய புல்லோடு பிண்ணாக்கையும் தவிட்டையும் அளவு குறித்துக் கூறுகின்றது. செக்கில் எஞ்சியதை உழைக்கும் எருதுக்கு ஊட்டும் வழக்கம் எத்துணைப் பழமையானது என்பதற்கு இது சான்றாகும். ஆகவே, மாற்றுத் தீவனம் என்று இக்காலத்தார் புதிதாகப் பேசும் பொருள்களுட் பல பழந்தீவனங்களே.

ஈண்டுக் கருதத்தக்க பிறிதொரு சொல் 'தேற்றுதல்' என்பது. இளைத்த மாட்டை மீண்டும் உடல் பெறச் செய்தலை உழவர் மாட்டைத் தேற்றுதல் என்பர். துயருற்றாரை ஆற்றுவதற்கும் நோயுற்றாரை நலமுறச் செய்வதற்கும் வழங்கும் சொல்லே இது. மேனாட்டார் இறைச்சிக்கென மாட்டைக் கொழுக்கவைத்தலைத் தனித் தொழிலாக வளர்த்தனர். கொங்கு உழவன் தாழியில் தீவனத்தைப் பெருக்கியதோ பெரும்பாலும் தேற்றுதற்பொருட்டே. கோடையில் மெலிந்த எருது, கன்று ஈன்ற பசு, சந்தைக்குச் செல்லவிருக்கும் இளங்காளை ஆகிய மூன்றும் அவ்வூட்டத்துக்கு முதலுரிமை பெற்றன. ஒரே தீவனம் இரு நாடுகளில் இரு வேறு நோக்கோடு ஊட்டப்பெற்றது என்னும் இவ்வேறுபாட்டை மறந்தால் இவ்வரலாறு விளங்காது.

2. மணையும் கொட்டிலும்

பருத்தி நூற்கும் பெண்டிரைப் புறநானூறு காட்டுகின்றது. அக்காலந்தொட்டு நூற்புத்தொழில் மனையைச் சார்ந்தது; கொட்டை நீக்கும் தொழிலும் அவ்வாறே. இரண்டு உருளைகளுக்கு இடையே பஞ்சு செல்லக் கொட்டை இப்பால் நின்றுவிடும் கைக்கருவியே மணை. உப்பம், நாடம் முதலிய நாட்டுப் பருத்திகளை மகளிர் மணையில் அரைத்த காலத்தில், கொட்டை வீட்டைவிட்டு அகலவில்லை. நல்லது விதைக்கெனப் பிரிக்கப்பட்டது. எஞ்சியது கொட்டிலுக்குச் சென்றது. பஞ்சுக்கு விலை உண்டு, கணக்கு உண்டு. கொட்டைக்கு விலை பேசவேண்டிய தேவை அக்குடும்பத்துக்கு எழவில்லை. ஆதலின் அது ஏட்டிலும் ஏறவில்லை.

கொட்டையை இரவில் ஊறவைத்து, விடியலில் ஆட்டுரலில் ஆட்டி, அப்பாலைத் தவிட்டோடும் கழுநீரோடும் கலந்து மாட்டுக்கு வைப்பது கொங்கு நாட்டு வழக்கம். இதன் பயனை இற்றை அறிவியல் நன்கு விளக்குகின்றது. பருத்திக் கொட்டையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதமும் ஏறத்தாழ அதே அளவு எண்ணெயும் உள்ளன. சோளத்தட்டு வயிற்றை நிறைக்கும். புரதம் அதில் மிகக் குறைவு. தட்டின் குறையைக் கொட்டை நிறைத்தது. கடினமான தோடு ஊறி அரைபடுவதால் உள்ளீடு எளிதிற் செரிக்கின்றது.

பருத்திக் கொட்டையில் கோசிப்பால் என்னும் நச்சுப்பொருள் உண்டு. பன்றி, கோழி ஆகியவற்றுக்கு அது தீங்கு செய்யும். வளர்ந்த மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் செயலால் அந்நஞ்சின் பெரும்பகுதி அடங்கிவிடுகின்றது. பெருவயிறு முதிராத இளங்கன்றுக்கு அப்பாதுகாப்பு இல்லை. மனிதர் உண்ணவியலாத ஒன்றை உழைப்பாகவும் பாலாகவும் மாற்றித் தரும் ஆற்றல் அசைபோடும் விலங்குக்கு உண்டு என்பதே இத்தீவன முறையின் அடிப்படை.

காங்கய மாட்டின் முதன்மைத் தீவனம் கொட்டை என்று கருதிவிடலாகாது. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே பெறும் காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலியிட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. அவற்றிற் கொழுக்கட்டைப் புல் வளரும். வெள்வேல மரங்கள் நிழலும் நெற்றும் தரும். மாட்டின் உடற்கட்டை வளர்த்தது கொறங்காடு. புல் உலர்ந்த காலத்திலும் வேலை மிக்க காலத்திலும் அதனைத் தாங்கியது தாழி. இரண்டும் சேர்ந்தே இவ்வினத்தை உருவாக்கின.

3. திருப்பூரும் அரவை ஆலைகளும்

1840-களில் இராபர்ட் வைட் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டு ஆய்ந்தார். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் இந்தியப் பருத்தியின் விலையை உயர்த்தியது. அப்போர்க்காலத்திலேயே, 1862-இல், சென்னையிலிருந்து மேற்கு நோக்கி இடப்பெற்ற இருப்புப்பாதை திருப்பூர் வழியாகப் போத்தனூர் வரை திறக்கப்பெற்றது. காலப்போக்கிற் பருத்திச் சந்தையும் பொறியால் இயங்கும் அரவை ஆலைகளும் திருப்பூரிற் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வந்த கம்போடியாப் பருத்தி, கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் விரைந்து பரவியது.

இம்மாற்றத்தைப் பஞ்சின் வழியே நோக்குவார்க்கு அது வளர்ச்சியே. கொட்டையின் வழியே நோக்கின் பிறிதொன்று புலனாகும். மணைக் காலத்தில் உழவன் பஞ்சை விற்றான். கொட்டை அவன் வீட்டில் தங்கியது. ஆலைக் காலத்தில் அவன் விதைப்பருத்தியை அப்படியே சந்தைக்குக் கொண்டுசென்றான். பஞ்சோடு கொட்டையும் கைமாறியது. தன் தோட்டத்திற் பிறந்த கொட்டையையே அவன் விலை கொடுத்து மீட்க வேண்டியவன் ஆனான். எஞ்சும் பொருள் வணிகப் பொருளானது இங்கேதான். மகளிர் கையிலிருந்த ஒரு தொழிலும், அத்தொழிலோடு கொட்டையை விதைக்கென்றும் தீவனத்துக்கென்றும் பகுக்கும் உரிமையும் ஒருங்கே நீங்கின.

இதன் விளைவு விதையிலும் தோன்றியது. பல தோட்டத்துப் பருத்திகள் ஆலையிற் கலந்து அரைபட்டமையால் விதைத் தூய்மை கெட்டது. பருத்திக் கலப்பைத் தடுக்க 1923-இல் பருத்திப் போக்குவரவுச் சட்டமும், 1925-இல் அரவை, அழுத்த ஆலைகள் பற்றிய சட்டமும் இயற்றப்பெற்றன. அச்சட்டங்களின் முதன்மை நோக்கம் பஞ்சின் தரமே. மாட்டுக்குச் செல்லும் கொட்டையைப் பற்றிச் சட்டம் கவலைகொள்ளவில்லை.

4. கவலைக் கிணறு

கொட்டையை விலை கொடுத்தேனும் உழவன் வாங்கியது ஏன்? விடை கிணற்றில் உள்ளது. 1887-இல் நிக்கல்சன் வெளியிட்ட கோயமுத்தூர் மாவட்டக் கையேடு இந்நாட்டுக் கிணற்றுப் பாசனத்தையும் கால்நடையையும் விரிவாகக் கூறுகின்றது. பிற்காலத்தே, 1984-இல் வெளிவந்த கிறிஸ்தபர் பேக்கரின் நூலும் கொங்கு நாட்டை ஆற்றுப் பாசன நாடுகளினின்று வேறுபட்டதொரு பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தது. ஆழ்ந்த கிணற்றிலிருந்து நீரை எடுக்கக் கொங்கு உழவன் கையாண்ட பொறி கவலை ஆகும். சரிவாக அமைந்த வாரியில் இரண்டு எருதுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கும். நீர் நிறைந்த பறி மேலேறித் தோல் தும்பியின் வழியே வாய்க்காலில் நீரைக் கக்கும். எருதுகள் பின்னோக்கி ஏற, பறி மீண்டும் நீரில் அமிழும். விடியல் தொடங்கி இவ்வேலை நடைபெறும்.

இத்தகைய உழைப்புக்குப் புல்லும் தட்டும் போதா. ஊட்டம் குறைந்தால் நீர் குறையும். நீர் குறைந்தால் விளைவு குறையும். ஆதலின் தாழியில் இட்ட கொட்டை ஒரு முதலீடாகவே கருதப்பெற்றது. கம்போடியாப் பருத்தி கிணற்று நீரை வேண்டியது. கிணறு காளையை வேண்டியது. காளை கொட்டையை வேண்டியது. திருப்பூர்ச் சந்தைக்குச் சென்ற பஞ்சுப் பொதி ஒவ்வொன்றின் பின்னும் கவலை இறைத்த காளைகளின் உழைப்பு உண்டு.

காங்கய இனத்தின் புகழ் பரவியதும் இக்காலத்திலேயே. பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினர் பொலிகாளைகளைத் தேர்ந்து வளர்த்து இவ்வினத்தைச் சீர்செய்தனர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக ஜோஷி, பிலிப்ஸ் ஆகிய இருவர் எழுதி 1953-இல் வெளிவந்த இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்கள் பற்றிய நூலும் காங்கய இனத்தை விளக்குகின்றது. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் விழாவை ஒட்டிய சந்தையும், அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தையும் இம்மாடுகள் கைமாறும் இடங்களாயின. சந்தைக்கு முன் இளங்காளைக்குக் கொட்டையாட்டி வைத்துத் தேற்றுவது வளர்ப்போரின் தொழில்நுட்பம். வாங்குவோன் நோக்கியது திமிலையும் காலையும் நடையையும். இறைச்சியின் எடையை அன்று.

5. அயல்நாட்டு ஒப்புமை

இந்நிலையை அமெரிக்காவோடு ஒப்பிடுதல் பயனுடையது. 1793-இல் எலி விட்னி அரவைப் பொறியை அமைத்தபின் அந்நாட்டின் தென்பகுதியிற் பருத்தி பெருகியது. கொட்டையும் உடன் பெருகியது. அதில் ஒரு பகுதி விதைக்கும் எருவுக்கும் பயன்பட்டது, எஞ்சியது ஆலைகளின் அருகே குவிந்து அழுகியது, ஓடைகளிலும் கொட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்ணெய் ஆலைகள் எழுந்த பின்னரே அது செல்வமாயிற்று. டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய் ஆலைகளை ஒட்டி மாடுகளைக் கட்டிவைத்துக் கொட்டைத் தோட்டையும் பிண்ணாக்கையும் ஊட்டிக் கொழுக்கவைத்து இறைச்சிக்கு அனுப்பினர். அங்கே கொட்டை முதலிற் குப்பையாய் இருந்து பின்னர்த் தீவனமாயிற்று. கொங்கு நாட்டில் அது குப்பையாய் இருந்த காலமே இல்லை.

ஐரோப்பாவின் வரலாறு வேறு. 1870-களுக்குப்பின் தானிய விலை வீழ, டென்மார்க்கு உழவர் வெண்ணெய்த் தொழிலுக்கு மாறி, அயல்நாட்டுப் பிண்ணாக்கை இறக்குமதி செய்து மாடுகளுக்கு ஊட்டினர். தமிழகத்து நிலக்கடலையும் புதுச்சேரி முதலிய துறைமுகங்களின் வழியே மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. எண்ணெய் வித்து கப்பலேறியபோது பிண்ணாக்கும் உடன் ஏறியது. 1893-இல் வெளிவந்த வோயல்கரின் வேளாண்மை அறிக்கை, வித்துகளின் ஏற்றுமதியால் இந்திய நிலம் தன் வளத்தை இழப்பதைச் சுட்டியது. 1928-இல் அறிக்கை தந்த அரச வேளாண்மை ஆணையமும் இச்சிக்கலை ஆராய்ந்தது. ஏற்றுமதியைத் தடுத்தால் உழவனுக்குக் கிடைக்கும் விலை குறையும் என்று கருதித் தடையை ஏற்கவில்லை. வித்துக்கு நல்ல விலை வேண்டுமா, மாட்டுக்கு மலிந்த பிண்ணாக்கு வேண்டுமா என்னும் அவ்வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. ஒரே உழவன் இரு பக்கமும் நிற்பதே அதன் கடினம்.

6. சுழற்சி அறுந்தமை

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் செயற்படத் தொடங்கியது. அம்மின்சாரம் கோவை ஆலைகளை வளர்த்தது; பின்னர்த் தோட்டங்களுக்கும் சென்றது. விடுதலைக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் மின் இறைவைப் பொறிகள் கொங்கு நாடெங்கும் பரவின. கவலை வாரிகள் தூர்ந்தன. எருதுகளின் பகல் முழுதும் ஆகிய வேலையைப் பொறி சில மணி நேரத்திற் செய்தது. இதனை இழப்பு என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. கவலையோட்டியின் உழைப்பும் எருதின் உழைப்பும் கொடியன. அவற்றினின்று இருவரும் விடுபட்டனர். ஆயினும், காளையைத் தேற்றவேண்டிய முதற்காரணம் அன்றே நீங்கியது.

அடுத்து, கொட்டை எண்ணெய் ஆலைக்குச் சென்றது. எண்ணெய் நீங்கிய பிண்ணாக்கும் நல்ல தீவனமே. புரதப் பங்கு அதிற் கூடுகின்றது. எனினும் ஆட்டுரலின் இடத்தை மூட்டை பிடித்தது. உழவன் தன் கண்ணாற் காணாத பொருளை நம்பி வாங்கும் நிலை வந்தது. அந்நம்பிக்கை எளிதன்று என்பதை 1960-இல் உலகம் கண்டது. இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையாக மடிந்தன. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கில் உண்டான அபிளாடாக்சின் என்னும் நஞ்சே காரணம் எனப் பின்னர்த் தெளிந்தனர். ஈரம் பட்ட பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

மூன்றாவதாக, 1960-களுக்குப் பின் அயலினக் கலப்பும் பால் கூட்டுறவும் வளர்ந்தன. குறைந்த பால் தரும் காங்கயப் பசுவின் இடத்தைக் கலப்பினப் பசு பெற்றது. தாழியில் விழும் பிண்ணாக்கும் தவிடும் பாலின் அளவைக் கொண்டு கணக்கிடப்பெற்றன. உழவுப்பொறி பரவவே எருதின் தேவை மேலும் குறைந்தது. காங்கய இனமும் அருகத் தொடங்கியது.

இதற்கிடையே திருப்பூரும் மாறியது. 1920-களில் தொடங்கிய பனியன் தொழில், 1970-களின் இறுதியில் ஏற்றுமதித் தொழிலாயிற்று. அதன் முதலாளிகளுட் பலர் உழவுக்குடியினின்று வந்தோர் என்பதை 2004-இல் வெளிவந்த சரத் சாரியின் ஆராய்ச்சி விளக்குகின்றது. ஆயினும் அத்தொழில் வேண்டுவது நூலை, விதைப்பருத்தியை அன்று. நூல் எங்கிருந்தும் வரலாம். நூலோடு கொட்டை வருவதில்லை. ஆடை பெருகப் பெருக, அதனைச் சுற்றியுள்ள கொட்டில்களுக்கு அதனால் ஒரு பிடித் தீவனமும் கிட்டாத நிலை உண்டாயிற்று. மாறாக, சாயக் கழிவுநீர் நொய்யலிற் கலந்தது; ஒரத்துப்பாளையம் அணையிற் தேங்கியது; ஆற்றோரக் கிணறுகளும் புன்செய்களும் உவர்ப்பேறின. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் விதிமுறை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. முற்காலப் பருத்தித்தொழிலின் எச்சம் மாட்டை வளர்த்தது. பிற்கால ஆடைத்தொழிலின் எச்சம் மாடு குடிக்கும் நீரைக் கெடுத்தது. இவ்வூரின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை இவ்விரு எச்சங்களின் வழியே படிக்கலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கொங்கு நாட்டிற் பருத்திக் கொட்டை பருத்தியின் எச்சம் அன்று, அதன் மறுபாதி. இரண்டாவது, அதன் வரலாற்றிற் பெரிய திருப்பம் தீவன முறை மாறியதால் நேரவில்லை. உடைமை மாறியதால் நேர்ந்தது. மணையிலிருந்து ஆலைக்குச் சென்ற நாளிலேயே கொட்டை உழவனின் கையினின்று நழுவியது. மூன்றாவது, தேற்றுதல் என்னும் நோக்கம் நீங்கிய பின்னரே இவ்வினம் அருகியது. தீவனம் இருந்தும் அதனை ஊட்டுதற்குரிய காரணம் இல்லாது போயிற்று.

இன்று காங்கயம் பகுதியில் அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் உள்ளன. தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் அவற்றினின்று கிடைக்கின்றன. சேலம், நாமக்கல் பகுதிச் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளித் திப்பியைத் தருகின்றன. மாட்டைக் கொழுக்கவைக்க இவற்றை மாற்றுத் தீவனமாகக் கொள்ளலாம் என்று அறிவியலார் கூறுவது பொருத்தமே. வரலாறு அதனோடு சேர்த்துக் கூறுவது ஒன்றுண்டு. ஆலையின் எச்சம் தாழியை அடைவதற்கு ஊட்டத்தின் கணக்கு மட்டும் போதாது; ஆலைக்கும் கொட்டிலுக்கும் இடையே உள்ள தொலைவும், விலையும், மாட்டை எதற்காக வளர்க்கின்றோம் என்னும் நோக்கமும் ஒத்துவர வேண்டும். கொங்கு நாட்டில் இவை நெடுங்காலம் ஒத்திருந்தன.

இத்துறையிற் செய்யவேண்டுவன பல. அரவை ஆலைகளின் பழங் கணக்கேடுகளும், மாட்டுச் சந்தைக் குத்தகை ஏடுகளும் அழியுமுன் தொகுக்கப்பெறல் வேண்டும். மணை, தாழி, கவலை ஆகியவற்றைச் சார்ந்த கொங்கு வட்டாரச் சொற்களை, அவற்றைக் கையாண்ட முதியோர், சிறப்பாக முதிய மகளிர், வாய்மொழியாக இன்றே பதிவு செய்தல் வேண்டும். பஞ்சைப் பற்றிய செய்திகளைப் பெரும்பாலும் வணிகரும் அரசும் எழுதிவைத்தனர். கொட்டையைப் பற்றிய செய்திகள் அம்மகளிரின் நினைவிலேயே உள்ளன.